நான் கேட்டு வாங்கிய சுவர்

நாமக்கல்லிலிருந்து குவாஹாத்திக்கு ஒரு லாரி போக வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள். எந்த பைபாஸில் ஏற வேண்டும், எந்த ஊருக்குள் பகலில் லாரியை விடமாட்டார்கள், எந்த தாபாவில் சாப்பிட்டால் டிரைவருக்கு வயிறு கெட்டுப்போகும், எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வேன். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்த நாளிலிருந்து இதே பிழைப்பு. ஆனால் என் தங்கச்சி வீட்டுக்கு வழி கேட்டு மட்டும் என்னிடம் வந்துவிடாதீர்கள். அதைப் பற்றி நான் வாயைத் திறந்தால் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை சேர்ந்து சிரிக்கிறது. (மூன்றாவது தலைமுறைக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை. அதுவும் சிரிக்கிறது.)

சுமதி எனக்கு ஒரே தங்கச்சி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நானும் என் சம்சாரம் கோமதியும்தான். மாப்பிள்ளை சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளை என்ற ஊரில் சேலை மொத்த வியாபாரம் பார்க்கிறார். சாந்தமான மனிதர். நான் ஒரு மணி நேரம் பேசினால் அவர் ‘சரிங்க’ என்று ஒரு வார்த்தை பேசுவார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன். அவர்கள் சேலத்தில் வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீடு கட்டலாம் என்று முடிவெடுத்தபோது, இடம் பார்க்கும் பொறுப்பை யாரும் என்னிடம் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. (புத்தி வந்து சேர்ந்திருக்க வேண்டிய வயதுதான். வழியில் எங்கேயோ பிரேக்டவுன்.)

சேலத்தைச் சுற்றி இடம் பார்க்க அலைந்தவர்களுக்குத் தெரியும். போன வருஷம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, விளைந்த காட்டில் இந்த வருஷம் கலர் கலராகக் கொடி கட்டியிருக்கும். அடுத்த வருஷம் ரோட்டோரம் ஒரு வளைவு கட்டி அதில் ஒரு பெயரையும் எழுதிவிடுவார்கள். நான் கண்டுபிடித்த இடத்தின் பெயர் ‘கிரீன் பேலஸ் கார்டன், ஃபேஸ் டூ’. அங்கே பேலஸும் இல்லை, கார்டனும் இல்லை. பச்சையாக இருந்தது வேலிக்கருவேல முள் மட்டும்தான். ஃபேஸ் ஒன் எங்கே இருக்கிறது என்று புரோமோட்டரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, இனிமேல்தான் போடப்போகிறோம் என்றார். அதைக் கேட்ட பிறகும் எனக்கு அந்த இடம் பிடித்தது.

பழைய டவுனில் ஒரு சந்துக்குள் நுழைந்தால் வேறொரு சந்தில் வெளியே வந்துவிடலாம். கடன்காரனுக்குப் பயந்தவன் கட்டிய ஊர் மாதிரி ஒவ்வொரு தெருவுக்கும் நாலு வாசல் இருக்கும். இந்தப் புது நகர்களுக்கு ஒரே ஒரு வாய்தான். உள்ளே போனவன் அதே வாய் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். விற்றவருடைய காடு எதுவரைக்குமோ அதுவரைக்கும்தான் ரோடு. பக்கத்துக் காட்டை இன்னொருவர் வாங்கி இன்னொரு நகர் போடுவார். அவருடைய ரோடு அவருடைய வரப்போடு நின்றுவிடும். இரண்டு ரோடும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளாக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். விசாரித்தால் அது நிஜமாகவே பங்காளிச் சண்டையாகத்தான் இருக்கும். அண்ணன் காடு ஒரு நகர், தம்பி காடு ஒரு நகர். அவர்கள் போட்ட சண்டைக்கு நாம் காலமெல்லாம் பெட்ரோல் போட்டுச் சுற்ற வேண்டும்.

இந்த ஞானமெல்லாம் இப்போது பேசுகிறேன். அன்றைக்கு அந்த முட்டுச் சந்தைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்தது. வெளியாள் வண்டி ஒன்றுகூட வராது, உங்களுக்கென்றே போட்ட ரோடு மாதிரி என்று புரோமோட்டர் சொன்னதை அப்படியே சுமதியிடம் ஒப்பித்தேன். கடை எங்கே, பஸ் எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று அவள் கேட்டாள். எல்லாம் பக்கம்தான் என்று கையை எல்லாத் திசையிலும் வீசிக் காட்டினேன். கை போன திசையில் எதற்கும் ரோடு போகவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

நான் கவனித்தது வேறு ஒன்றை. மனை கிழக்குப் பார்த்தது. வாசலில் கிரீன் பேலஸின் கடைசி ரோடு. அந்த ரோட்டைத் தாண்டினால் எல்லை, எல்லையில் ஒரு கம்பிவேலி. வேலிக்கு அப்பால் அன்னலட்சுமி நகர் என்று வேறொரு நகர். அந்த நகரின் ரோடு ஒன்று கிழக்கிலிருந்து வில்லில் விட்ட அம்பாக வந்து, சரியாகச் சுமதி வாசலுக்கு எதிரே வேலியில் முட்டி நின்றது. எங்கள் பக்கத்தில் இதற்குத் தெருக்குத்து என்று பெயர். நேராக வரும் தெரு ஒரு வீட்டு வாசலைக் குத்தினால் அந்த வீடு விளங்காது என்பார்கள். தெருக்குத்து மனையை இனாமாகக் கொடுத்தால்கூட ஆள் ஓடிவிடுவார்கள். உலகத்தில் மற்ற ஊர்க்காரர்கள் இரண்டு தெரு சேர்ந்தால் சந்தோஷப்படுவார்கள். நாங்கள் எலுமிச்சம்பழம் தேடுவோம்.

புரோமோட்டர், ரோடுதான் சேரவில்லையே, வேலி இருக்கிறதே என்று சமாதானம் சொன்னார். நான் விடுவேனா. செல்போனில் வாஸ்து வீடியோ பார்த்துத் தேறியவன் நான். வேலி பத்தாது, பார்வை மறைய வேண்டும், ஏழடிக்குச் சுவர் வைத்தால்தான் வாங்குவோம் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அவரும் சரி என்றார். அத்தோடு போயிருக்கலாம். கிளம்பும்போது திரும்பி, “மேல கண்ணாடிச் சில்லும் பதிச்சிருங்க. எவனும் ஏறக் கூடாது பாருங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மற்ற மனைக்காரர்களும் கையெழுத்துப் போட்டால் சுவர் சீக்கிரம் வந்துவிடும் என்று புரோமோட்டர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எல்லோரையும் வளைவுக்கு வெளியே ரோட்டோரம் நின்ற வேப்பமரத்தடியில் கூட்டிவைத்துப் பேசினேன். அந்தப் பக்கத்து ஆட்கள் நம் ரோட்டில் நடந்து போனால் நம் இடத்துக்கு என்ன மரியாதை, நாளைக்கு அவன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவான், நாளன்றைக்கு ஆட்டைக் கொண்டுவந்து கட்டுவான் என்று முழங்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அங்கே ஒரு சென்ட் இடம்கூட இல்லை. தங்கச்சி மனைக்கு வந்த அண்ணன் நான். அது யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான்.

வீடு கட்டிய மாதங்களில் அந்தக் கம்பிவேலியில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. கொத்தனார், சித்தாள், நான், எல்லோரும் அதன் வழியாகத்தான் அன்னலட்சுமி நகருக்குப் போய் டீ குடித்துவிட்டு வருவோம். அங்கே ஒரு பிள்ளையார் கோயில், எதிரே டீக்கடை, மளிகைக் கடை, பஸ் நிற்கும் இடம் எல்லாம் உண்டு. சுமதி ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அண்ணா, செவுரு எதுக்குங்க? கோயிலுக்குப் போக வர இந்த வழி நல்லாத்தானே இருக்குது.” உனக்கு இதெல்லாம் புரியாது அம்மிணி என்று சொல்லிவிட்டு, அதே ஓட்டை வழியாக டீ குடிக்கப் போனேன்.

புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்தார்கள். எங்கள் வழக்கத்தில் புது வீட்டில் முதல் பால் பொங்குவது பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து வந்த பானையில்தான். அண்ணன் தம்பிகள் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் கூடி, பானையும் சீர்த்தட்டும் ஏந்தி மேளத்தோடு நடந்து வர வேண்டும். அந்தப் பானை வராமல் போனால் மாமியார் வீட்டுப் பாத்திரத்தில் பால் காய்ச்சிவிடுவார்கள். வீடு ஒன்றும் இடிந்து விழாது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு நாதியில்லை என்று சொந்தபந்தம் பேசும். சுமதியின் மாமியார் பேசாமல் விடவே மாட்டார். மூத்த மருமகள் வீட்டுக்கு அவள் அண்ணன்மார் இரண்டு வேன் நிறையச் சீர் கொண்டுவந்த கதையை அந்த அம்மா சாமி கும்பிடுவதுபோல் தினமும் ஒரு தடவை சொல்வாராம். சுமதி அதை இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டு, எங்கண்ணனும் வருவார் என்று ஒரு நாளுக்காகக் காத்திருந்தாள்.

விசேஷத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் போன் செய்தாள். சுவர் வைத்துவிட்டார்கள், அண்ணன் சொன்ன மாதிரியே கண்ணாடிச் சில்லெல்லாம் பதித்திருக்கிறது என்றாள். சபாஷ் என்றேன். சீர் எங்கிருந்து புறப்படும் என்று கேட்டாள். பிள்ளையார் கோயிலிலிருந்துதான், கூப்பிடு தூரம், நடந்தே வந்துவிடுவோம் என்றேன். “அண்ணா, செவுரு…” என்று ஆரம்பித்தாள். செவுரு ஜோரா இருக்கட்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். (நாக்பூரிலிருந்து டிரைவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வழி தெரியவில்லையாம். சொன்னேன்.) ஒரே போனில் சுவரையும் பேசினேன், ஊர்வலத்தையும் பேசினேன். இரண்டும் என் மண்டைக்குள் சந்தித்துக்கொள்ளவே இல்லை. அந்த மண்டையும் ஒரு புது நகர்தான். சுமதியோ, அண்ணன் ஏதாவது யோசித்து வைத்திருப்பார் என்று நம்பிவிட்டாளாம்.

விசேஷம் திங்கட்கிழமை. ஏழரை மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் பால் பொங்க வேண்டும். நாங்கள் ஆறரைக்கே வேனில் கோயிலுக்கு வந்து இறங்கிவிட்டோம். முப்பது பேர், சீர்த்தட்டுகள், ஒரு ஜமுக்காளம், குத்துவிளக்கு, பட்டுத்துணி சுற்றிய பித்தளைப் பால்பானை. மேளக்காரர்கள் தயாராக நின்றார்கள். நேரம் நிறைய இருக்கிறது என்ற மிதப்பில் வேன் டிரைவரை ஆட்டையாம்பட்டிக்கு அனுப்பினேன். அங்கே ஒரு வீட்டில் முறுக்குக்குச் சொல்லிவைத்திருந்தேன், வாங்கிக்கொண்டு நேராக விசேஷ வீட்டுக்கு வந்துவிடு என்றேன். இனி வண்டி எதற்கு, நடக்கிற தூரம்தானே.

மேளம் முழங்க, நான் பானையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, கழுத்தில் செயின். அன்னலட்சுமி நகர் பெண்கள் கோலத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். நடை இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. ரோடு நேராகப் போய், ஏழடி உயரத்துக்கு வெள்ளையடித்த புதுச் சுவரில் முடிந்தது. உச்சியில் கண்ணாடிச் சில்லெல்லாம் காலை வெயிலில் மின்னின. நாதஸ்வரக்காரர் சுவருக்கு நேராக நின்று விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் இப்படி ஏதோ ஒரு சடங்கு இருக்கும்போல என்று அவர் நினைத்துக்கொண்டாராம்.

கோமதி முன்னால் வந்தாள்.

“ஏனுங்க, ஊடு எங்கீங்க?”

“அந்தப் பக்கம்.”

“நாம?”

“இந்தப் பக்கம்.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருபது வருஷக் குடித்தனத்தில் எத்தனையோ பார்வை பார்த்திருக்கிறாள். அது தனி ரகம்.

செல்போனில் மேப்பைப் போட்டேன். சுமதி வீட்டுப் புள்ளி எங்கள் புள்ளி மேலேயே உட்கார்ந்திருந்தது. வழி கேட்டதும் மேப்பில் பேசும் பெண் குரல் கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஆறு கிலோமீட்டர் என்றது. அன்னலட்சுமி நகரை விட்டு வெளியே போய், மெயின் ரோட்டில் ஏறி, பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் ஒருவழிப் பாதையாகச் சுற்றி, பாலத்துக்கு அடியில் புகுந்து, கிரீன் பேலஸ் வளைவு வழியாக உள்ளே வர வேண்டுமாம். ஒரு சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஆறு கிலோமீட்டர். வேன் டிரைவரைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். நான் சொன்னதை அவன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

அப்போதாவது சுவருக்குப் பக்கத்தில் நின்று சத்தம் போட்டிருக்கலாம். கௌரவம் விடவில்லை. மேப் கிடக்கிறது, இடதுபக்கம் ஒரு தெரு போகிறது, அது சுற்றிக்கொண்டு போய்ச் சேரும் என்று அறிவித்தேன். எப்படித் தெரியும் என்று கோமதி கேட்டாள். தெரு என்றால் எங்காவது போய்ச் சேராதா என்றேன். அந்த வட்டாரத்தில் அதை நம்பிய கடைசி மனிதன் நானாகத்தான் இருக்கும்.

இடதுபக்கத் தெரு மூன்றாவது ஒரு நகருக்குள் போயிற்று. அங்கே முதல் திருப்பத்தில் ஒரு கோழிப்பண்ணைச் சுவரில் முட்டினோம். இரண்டாவது திருப்பத்தில் ஓடைக் கரையில் நின்றோம். ஒவ்வொரு முட்டிலும் மேளக்காரர் முதலில் திரும்ப வேண்டும், அவருக்குப் பின்னால் தட்டு ஏந்திய முப்பது பேர் திரும்ப வேண்டும். மூன்றாவது திருப்பத்தில் வாழைமரம் கட்டி, சீரியல் லைட் போட்டு ஒரு வீடு தெரிந்தது. முகூர்த்த நாளில் எந்த நகரில் புகுந்தாலும் ஒரு புதுமனை புகுவிழா இருக்கும் என்பது மேளக்காரருக்குத் தெரியவில்லை. உற்சாகமாக உள்ளே போய்விட்டார். பின்னாலேயே எங்கள் சனமும் போய்விட்டது.

அந்த வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். தெரியாத சொந்தம் போலிருக்கிறது என்று பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து வரவேற்றார்கள். நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் இரண்டு தட்டுகள் அவர்கள் நடுவீட்டில் வைக்கப்பட்டுவிட்டன. இது எங்க தங்கச்சி ஊடு இல்லீங்க என்று நான் கும்பிட்டுக்கொண்டு தட்டைத் திருப்பி எடுத்தபோது அந்த வீட்டுப் பெண்மணியின் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. கொடுத்த சீரைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய ஒரே ஆள் எங்கள் ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன். எங்கள் சித்தப்பாவைக் காணோம். தேடினால் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து வாங்க என்று காதில் சொன்னேன். இலையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கக் கூடாது சாமி என்று சொல்லிவிட்டுச் சாம்பார் கேட்டார். அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

திரும்பவும் அதே சுவருக்கு வந்து சேர்ந்தபோது மணி ஏழே கால். வியர்த்து, சந்தனம் வழிந்து, செயின் முதுகுப் பக்கம் போயிருந்தது. மேளக்காரர்களுக்கு மூச்சு வாங்கியதால் வாசிப்பு நின்றிருந்தது. அந்த அமைதியில் சுவருக்கு அப்பாலிருந்து பேச்சு தெளிவாகக் கேட்டது. வாசலில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மாமியார், நேரமாகிறது, நம் பாத்திரத்தையே வைத்துவிடலாம், வராதவர்களுக்காக எத்தனை நேரம் காத்திருப்பது என்றார். ஐயரும் ஆமாம் என்றார். மாப்பிள்ளை வழக்கம்போல் ‘சரிங்க’ என்றார். அப்புறம் சுமதியின் குரல்.

“எங்கண்ணன் வந்துருவாருங்க அத்தே. இந்தியாவுக்கே வழி சொல்றவரு. அவரு வாராம நான் அடுப்புப் பத்த வெக்க மாட்டேன்.”

ஒரு ரோட்டு அகலத் தூரத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு இதைக் கேட்டேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சுவர் இருப்பது தெரிந்தே அவள் எனக்காகச் சண்டை போடுகிறாள், நான் என் சொந்தச் சுவருக்குப் பின்னால் திருடன்போல நிற்கிறேன். கௌரவமாவது மண்ணாங்கட்டியாவது என்று அப்போதுதான் தோன்றியது. “அம்மிணி, இங்கதான் இருக்கறேன்” என்று கத்தினேன்.

டீக்கடைக்காரர் கடை பெஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அதன் மேல் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் நான். கண்ணாடிச் சில்லு தயாராகக் காத்திருந்தது. யாரோ பாவி மெனக்கெட்டு நல்ல கூர்மையாகப் பார்த்துப் பதிக்கச் சொல்லியிருக்கிறான். கோமதி சீர்த்தட்டிலிருந்து புது ஜமுக்காளத்தை எடுத்து நாலாக மடித்து மேலே போட்டாள். நாலு பேர் கீழிருந்து தள்ள, ஆளுக்கொரு யோசனை சொல்ல, சுவர் மேல் ஏறி இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக உட்கார்ந்தேன். பட்டு வேட்டி எங்கேயோ டர்ரென்று கிழிந்தது. எங்கே என்று பார்க்கும் நிலையில் நான் இல்லை, கீழே இருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பக்கம் மொத்த விசேஷமும் தலையைத் தூக்கி என்னையே பார்த்தது. மாமியார், ஐயர், மாப்பிள்ளையின் வியாபாரக் கூட்டாளிகள், எல்லோரும். சுமதி மட்டும் யாரையும் பார்க்காமல் ரோட்டைத் தாண்டி ஓடி வந்து சுவருக்குக் கீழே நின்று இரண்டு கையையும் நீட்டினாள். கோமதி கீழிருந்து பானையைக் கொடுத்தாள், நான் வாங்கிக் குனிந்து நீட்டினேன், எட்டவில்லை. இன்னும் குனிந்தால் நானும் பானையும் சேர்ந்து போவோம். சுமதி எக்கி நின்று விரல் நுனியில் பானையைப் பிடித்துவிட்டாள்.

“ஏனுங்கண்ணா, வழியா வரத் தெரியாதுங்களா உங்களுக்கு?” என்றாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

ஏழரைக்கு மூன்றோ நாலோ நிமிடம் இருக்கும்போது பால் பொங்கியது. பிறந்த வீட்டுப் பானையில்தான் பொங்கியது. வாசல், நடுவீடு, சமையல்கட்டு எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருந்ததால் சுவர் மேலிருந்தே எல்லாம் பார்த்தேன். நுரை வழிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது மாமியார் வாசலுக்கு வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்: “தெருக்குத்துன்னு செவுரு வெச்சீங்க. இப்ப தெரு வாரதில்லீங்க தம்பி, நீங்களே நேரா வாசலப் பாத்து ஒக்காந்திருக்கறீங்க. இதுக்கு என்னங்க பரிகாரம்?” ஐயர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகுதான் லைட் கட்டியவரின் ஏணியைக் கொண்டுவந்து என்னை இறக்கினார்கள்.

பிறகு சீர்த்தட்டுகள் ஒவ்வொன்றாகச் சுவர் தாண்டி வந்தன. ஏற முடியாத பெரியவர்கள் எல்லாம் வேனுக்காகக் கோயில் வாசலில் காத்திருந்து, ராகு காலத்தில் வந்து சேர்ந்தார்கள். வேன் வந்தது, முறுக்கு வரவில்லை. வாழைமரம் கட்டியிருந்த முதல் வீட்டில் டிரைவர் அத்தனையையும் இறக்கிவிட்டு வந்திருந்தான். சித்தப்பா அதில் இரண்டைத் தின்று பார்த்துவிட்டு, அந்த வீட்டு முறுக்கு பிரமாதம் என்று எங்களிடமே வந்து சொன்னார். (பசுவும் கன்றும் மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடு. அதையும் நான் பொறுப்பேற்றிருந்தால் பசுவையும் ஸ்டூல் மேல் ஏற்றியிருப்பேன்.)

விசேஷத்துக்கு வந்த வீடியோக்காரர் ட்ரோன் வைத்திருந்தார். வீட்டைச் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டியவர் நான் சுவர் மேல் இருந்த நேரமெல்லாம் என்னைத்தான் எடுத்திருக்கிறார். அந்த வீடியோ எங்கள் சொந்தத்தில் எல்லோருடைய போனிலும் இருக்கிறது. அதில் என் வேட்டியைத் தாண்டிப் பார்க்கக் கூடியவர்களுக்கு ஊர் வளர்ந்த லட்சணமும் தெரியும். எத்தனை நகர், எத்தனை ரோடு, எல்லாம் கட்டம் கட்டமாக, பளபளவென்று. ஒன்றுகூட இன்னொன்றைத் தொடவில்லை. பழைய வரப்பு இருந்த இடமெல்லாம் சுவர். குச்சிக்கிழங்கு இருந்த காலத்திலாவது வரப்பு மேல் நடந்து அடுத்த காட்டுக்குப் போக முடிந்தது.

ஒரு மாதம் கழித்து, வெட்கத்தை விட்டு, சுவரை இடிக்கக் கையெழுத்துக் கேட்டு அதே வேப்பமரத்தடிக்குப் போனேன். கோயில், பஸ், மளிகை எல்லாம் அந்தப் பக்கம்தானே இருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். ஒருத்தரும் அசையவில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் நடந்தால் நம் இடத்துக்கு என்ன மரியாதை என்றார் ஒருவர். ஆட்டைக் கொண்டுவந்து கட்டுவார்கள் என்றார் இன்னொருவர். என் பேச்சை வரி மாறாமல் எனக்கே திருப்பிச் சொன்னார்கள். நான் எவ்வளவு அபத்தமாகப் பேசியிருக்கிறேன் என்பது அடுத்தவர் வாயில் கேட்டபோதுதான் தெரிந்தது.

ஆனால் அன்றைக்கு என்னை இறக்கிய ஏணியை யாரும் எடுத்துப் போகவில்லை. அந்தப் பக்கமும் யாரோ ஒரு ஏணியைச் சாத்திவைத்தார்கள். மேலே ஜமுக்காளம் கிழிந்துபோய், இப்போது லாரி டயர் துண்டு கிடக்கிறது. மரியாதைக்காகச் சுவரை இடிக்க மறுத்த அத்தனை பேரும் பால் வாங்கவும் பஸ் பிடிக்கவும் அதில்தான் ஏறி இறங்குகிறார்கள், சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டும். புரோமோட்டர் ஃபேஸ் த்ரீ நோட்டீஸில் ‘பிள்ளையார் கோயில் இரண்டே நிமிடம்’ என்று போட்டிருக்கிறார். பொய்யில்லை. முட்டி வலி இல்லாதவர்களுக்கு இரண்டு நிமிடம்தான்.

அந்தப் பானையைச் சுமதி இன்றைக்கும் வேறு எதற்கும் எடுப்பதில்லை. அவள் மாமியார், மூத்த மருமகள் வீட்டுக்கு இரண்டு வேன் சீர் வந்த கதையை விட்டுவிட்டார். இப்போது என் கதையைத்தான் சொல்கிறார், அதில் சிரிப்பு அதிகமாம். எனக்கும் சொந்தத்துக்குள் ஒரு புது மரியாதை வந்திருக்கிறது. யார் இடம் வாங்கினாலும் என்னைக் கட்டாயம் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். நான் நன்றாக இருக்கிறது என்றால், டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிடுகிறார்கள்.

போன மாதம் சுமதியின் மாமியாரே தன் சின்ன மகனுக்கு இடம் பார்க்க என்னைக் கூப்பிட்டார். எங்கள் நாமக்கல்லில் மோகனூர் ரோட்டில் ஒரு மனை. போய்ப் பார்த்தேன். நாலு பக்கமும் தெரு, ஒவ்வொரு தெருவும் இன்னொரு தெருவில் போய்ச் சேர்கிறது, எங்கேயும் சுவரில்லை, கடையும் பஸ்ஸும் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. என் ஆயுசில் இவ்வளவு நல்ல இடத்தைப் பார்த்ததில்லை. அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு, எப்படி இருக்குதுங்க தம்பி என்று கேட்டார்.

“சுத்தமா நல்லால்லீங்க” என்றேன். அந்த அம்மா அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.